எட்டரை மணிக் கணக்கு: சிறுமலை மழையும் அறிவியலின் பதிவேடும்

1

சிறுமலையில் காபி, மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் மலைவாழை என்று கலந்து வைத்திருக்கும் ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் இந்தக் கட்டுரை தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் பருவநிலை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனத்தார் அங்கே வந்திருக்கிறார்கள். அவர் தோட்டத்தில் மழைமானி ஒன்றை நட்டு, அளவுக் கண்ணாடியும் அச்சடித்த தாள்களும் கொடுத்து, தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடம் வந்து தாள்களை வாங்கிப்போனார்கள். பிறகு வரவில்லை. தாள் தீர்ந்ததும் பேத்தியின் பழைய நோட்டில் கோடு போட்டு அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஏன் இன்னும் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எழுதி வாங்கிட்டுப் போனாய்ங்க தம்பி, அப்புறம் ஆளக் காணோம். நமக்குக் கை பழகிப்போச்சு, விட மனசு வரல." கொஞ்சம் கழித்து அவரே கேட்டார்: "ஆமா, இங்க பேஞ்ச மழை எங்கயோ ஒரு கணக்குல இருக்கும்ல?"

இருக்கும் ஐயா என்று சொல்லிவைத்தேன். மலையிறங்கும்போது பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிவிட்டேன் என்பது மட்டுமல்ல காரணம். அவர் கேட்டது ஓர் அரசியல் கேள்வி. அதை நான் ஆறுதல் கேட்கும் குரலாகக் கேட்டுவிட்டேன்.

அறிவியலுக்காக வானிலையைக் கவனித்துப் பகிர்ந்துகொள்வது யாரும் ஆட்சேபிக்க முடியாத நற்காரியம் என்றே நம்மிடையே பேசப்படுகிறது. ‘தரவு’ என்ற சொல்லைச் சர்வசாதாரணமாகப் புழங்குகிறோம். தா என்ற வினையடியில் பிறந்த சொல் அது. தருகிறவர் யார், பெறுகிறவர் யார், தந்தது எந்தத் திசையில் போகிறது, திரும்பி வருகிறதா என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றன. மழைப் பதிவேட்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அதை எழுதியவர் யார், வாசிக்கிறவர் யார் என்று பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

2

மழையை அளக்கும் ஆசை மழையின் மீதுள்ள பிரியத்தால் வந்ததில்லை. அர்த்தசாஸ்திரம், ஒரு முழ அகலமுள்ள கலத்தைப் பண்டகசாலையில் மழைமானியாக வைக்கச் சொல்கிறது. எந்தத் தேசத்தில் எத்தனை துரோணம் மழை என்றும் கணக்குச் சொல்கிறது. கலம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: வயலில் இல்லை, அரசன் தானியம் சேர்க்கும் கிடங்கில். பதினைந்தாம் நூற்றாண்டில் கொரியாவில் மழைமானிகள் ஊரூராக அனுப்பப்பட்டதும் அரசாணையின் பேரில்தான். கம்பெனி ஆட்சியும் பின் வந்த ராணி ஆட்சியும் மழைமானியைத் தாசில்தார் கச்சேரி வளாகத்தில் கொண்டுவந்து வைத்தன. மழை, நிலவரியின் முன்குறிப்பு. இன்றும் தாலுகா அலுவலகத்துச் சுற்றுச்சுவருக்குள் அது நிற்பது தற்செயல் அல்ல.

1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தக் கதையில் முக்கியமான கட்டம். பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் போவது நிற்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் அளந்து கொடுத்ததும் அப்போதுதான். அதே 1877இல் நார்மன் லாக்கியரும் டபிள்யூ.டபிள்யூ. ஹன்டரும் லண்டன் பத்திரிகை ஒன்றில் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் சேர்த்துக் கட்டுரை எழுதினார்கள். சூரியனில் புள்ளி குறைந்தால் சென்னை மாகாணத்தில் மழை குறையும் என்பது வாதம். பஞ்சத்துக்கான பொறுப்பு ஏற்றுமதிக் கொள்கையிலிருந்து கழன்று ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மாவட்டத்திலேயே, சிறுமலைக்கு மேற்கே தெரியும் பழனிமலைத் தொடரின் உச்சியில், 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததற்கு, சூரியனைத் தொடர்ந்து நோக்கினால் பருவமழையின் போக்குப் பிடிபடும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையும் ஒரு காரணம்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அறிவு என்பது அதிகாரம், மழைமானி என்பது காலனியத்தின் கண், அவ்வளவுதான் என்று நம்மில் பலர் எழுதிப் பழகியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கதை அதற்குப் பிறகும் போகிறது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், கச்சேரி மழைக் கணக்குகளையும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தார். கூட்டிக் கழித்துப் பெருக்கியவர்கள் பெரும்பாலும் இந்தியக் குமாஸ்தாக்கள். பசிபிக் கடலின் கிழக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், இங்கே ஏறினால் அங்கே இறங்கும் என்ற ஊசலாட்டம் அதிலிருந்து பிடிபட்டது. 1969இல் பியர்க்னெஸ் அதை எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றத்தோடு இணைத்து விளக்கினார். 1877இல் மழை பொய்த்ததற்கு, சூரியப் புள்ளிகளைவிட இந்தக் கடலின் பங்கு பெரிது என்று இன்று நமக்குத் தெரியும்.

ஆக, வரிக்காக எழுதப்பட்ட கணக்கு வரி வாங்கியவன் நினைக்காத ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. மழைக் கணக்கை அதிகாரத்தின் பொய் என்று ஒதுக்கினால் இதை என்ன செய்வது? எழுதிவைத்தவனின் நோக்கத்தைத் தாண்டியும் பதிவேடு பேசும். இலக்கியப் பிரதிகளுக்கு நாம் தாராளமாக வழங்கும் இந்தச் சலுகையைத் தாலுகா மழைக் கணக்குக்கும் வழங்கித்தான் ஆகவேண்டும். வாக்கரின் பெயர் கோட்பாட்டில் நிற்கிறது. காலையில் போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து எழுதிய கச்சேரிச் சேவகன் பெயர் எதிலும் இல்லை. அந்தச் சேவகனின் ஊருக்கு எல் நினோ பற்றிய செய்தி எத்தனை தலைமுறை கழித்துப் போனது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

3

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சிறுமலை மழை எந்தக் கணக்கில் இருக்கிறது?

நம் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் எடுத்தாளும் மழைத் தொகுப்பு இந்திய வானிலைத் துறை 2014இல் வெளிக்கொணர்ந்த கட்டக் கணக்கு. 1901 தொடங்கி, நாடெங்கும் 6,955 மழைமானி நிலையங்களின் நாள் கணக்குகளைக் கொண்டு, தேசத்தைக் கால் பாகைக்குக் கால் பாகை கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். பிரமாதமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் கால் பாகை என்பது இங்கே சுமார் 27 கிலோமீட்டர். திண்டுக்கல் ஊர் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள் இருக்கிறது. சிறுமலையின் மேட்டுப் பகுதிகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். நத்தம் சாலையில் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் இந்த உயரம் கட்டக் கணக்கில் தட்டையாகிவிடுகிறது. கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் ஒரே எண்ணைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6,955 மானிகளின் வாய்களையும் சேர்த்தாலும் 139 சதுர மீட்டர்தான் வரும். அதாவது மூன்றரை சென்ட் மனை. அந்த நிலையங்கள் எல்லாம் ஒரே காலத்தில் இருந்தவையும் அல்ல. சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர் தேசத்தின் மழையை ஒரு வீட்டு மனை அளவு வாயில் பிடித்துச் சொல்கிறோம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. விஞ்ஞானிகளுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். இடைவெளிகளை நிரப்பும் சூத்திரங்கள் அவர்களிடம் உண்டு. ஆனால் சூத்திரம் நிரப்பிய மழைக்கும் பெய்த மழைக்கும் உள்ள வித்தியாசம் எங்கே அதிகமோ, அங்கேதான் மலையும் காடும் பழங்குடிகளும் இருக்கிறார்கள். சராசரி விளிம்பைத் தின்றே உருவாகிறது.

மானியில் விழாத மழையும் உண்டு. மலையில் மேகம் தரையோடு தரையாக நகர்ந்து சில்வர் ஓக் இலைகளிலும் மிளகுக் கொடியிலும் நீராகப் படிந்து சொட்டுகிறது. மானியை வைக்க வேண்டிய இடமோ மரம் மறைக்காத வெட்டவெளி. நிழல்மரம் இல்லாமல் இங்கே காபி இல்லை என்பதால் வெட்டவெளி கிடைப்பதே கஷ்டம். அப்படிக் கிடைத்த வெட்டவெளியில் இலைச் சொட்டு விழாது. விதி சரியானதுதான், உலகத்து மானிகளை ஒப்பிட அது வேண்டும். ஆனால் அந்த விதிப்படி அளந்தால் மலையின் ஈரத்தில் ஒரு பகுதி அளவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

எட்டரை மணிக்கும் ஒரு கதை உண்டு. உலக வானிலை நிலையங்கள் ஒரே சமயத்தில் கவனிக்கும் நேரங்களில் ஒன்றான கிரீன்விச் மூன்று மணிதான் நம் எட்டரை. சிறுமலையில் அந்த நேரத்துக்குத் தோட்ட வேலைக்கு ஆள் போயிருக்கும், வண்டி போகாத பாதையில் குதிரைமேல் பொதி ஏற்றியிருக்கும். பெரியவர் சொன்னார்: "எட்டரைக்கு வீட்ல இருக்கவன் ரெண்டே பேருதான் தம்பி, ஒண்ணு கெழவன், இன்னொண்ணு ஆபீசரு."

இதெல்லாம் அறிவாளிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2007 முதல் இந்தியாவில் வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு இருக்கிறது. அதில் வயலைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழையும் வெப்பமும் நிர்ணயித்த எல்லையைத் தாண்டியதா என்று பார்த்துத் தருகிறார்கள். உன் தோட்டத்தில் காபிப் பூ கருகியதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நிலையத்தில் மழை பெய்ததாக எழுதியிருந்தால் உனக்கும் பெய்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பூவெடுக்க ஒரு மழை, சில வாரம் கழித்துப் பிஞ்சு நிலைக்க ஒரு மழை, இந்த இரண்டையும் நம்பியிருக்கும் காபிக்காரனுக்குப் பத்து நாள் தள்ளிப்போவது ஒரு வருஷப் பாடு. அடிவாரத்து எண் மலைக்குப் பேசும்போது பிரதிநிதித்துவம் என்ற பழைய அரசியல் பிரச்சினைதான் மில்லிமீட்டரில் வந்து நிற்கிறது.

மலையில் பெய்தது எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சிறுமலையில் பிறக்கும் சாத்தையாறு தெற்கே இறங்கிப் பாலமேட்டுப் பக்கம் அணையில் தேங்குகிறது. அது மதுரை மாவட்டம். பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கி ‘சிறுமலை மலைவாழை’ என்று சட்டபூர்வமாகப் பெயர் வைத்தாயிற்று. திண்டுக்கல் சிறுமலை செட்டில் பலாவும் எலுமிச்சையும் மலையின் பேராலேயே ஏலம் போகின்றன. நாளிதழில் வரும் மாவட்ட மழைப் பட்டியலில் திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர், பழனி, கொடைக்கானல் என்று படித்துக்கொண்டு போனால், சிறுமலை என்ற பெயர் என் கண்ணில் பட்டதில்லை.

4

இனி நம் பக்கம். நம் என்றால் எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும்.

விஞ்ஞானத்தின் குறையைக் கண்டதும் நாம் ஓடிப் பதுங்கும் ஒரு பொந்து உண்டு. ‘மக்களுக்கு எல்லாம் தெரியும்.’ தட்டானைப் பார்த்து, எறும்பைப் பார்த்து, காற்றின் மணத்தைக் கொண்டு மழை சொல்லும் கிழவர்களையும், தேனீயின் போக்கைக் கொண்டு பருவம் சொல்லும் பளியர்களையும் வைத்து நாம் எத்தனை கட்டுரை, எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம்! அந்த அறிவு உண்மையானது. திண்டுக்கல் விவசாயி மழையை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. ‘ஒரு உழவு மழை’ என்பார். ஏர் இறங்கும் அளவு மண் நனைந்தது என்று பொருள். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அது ஒரே மில்லிமீட்டர் அல்ல. மானி விழுந்த நீரை அளக்கிறது. உழவு, மண் வாங்கிக்கொண்ட நீரை அளக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

இதே மாவட்டத்தில் கன்னிவாடிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், விவசாயிகளின் மழைக் குறிகளையும் வானிலை முன்னறிவிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். 2004இல் அலெக்சாந்திரியாவில் நடந்த சர்வதேச மாநாடுவரை அது போனது. இரண்டு அறிவுகளையும் எதிரிகளாக நிறுத்தாமல் பேசவைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

நாம் செய்தது வேறு. கிழவரின் சொல்லை வாங்கிக்கொண்டு வந்து நம் பெயரில் அச்சிட்டோம். தாள்களை வாங்கிப்போன நிறுவனத்தாருக்கும் நமக்கும் இதில் என்ன பெரிய வித்தியாசம்? அவர்கள் எண்ணை எடுத்தார்கள், நாம் சொல்வழக்கை எடுத்தோம். இரண்டு பேருமே திரும்பிப் போகவில்லை. நம்மில் ஒருவர்கூட முற்றத்தில் ஒரு மானியை வைத்து ஒரு வருஷம் எழுதிப் பார்த்ததில்லை.

எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும். நான் பார்த்தேன், ஏழு மாதம். மழை பெய்த மறுநாள் எழுதுவதில் ஒரு குஷி இருக்கிறது. பெய்யாத நாளில் எழுந்து போய், காலிக் குப்பியைப் பார்த்து, சுழியம் என்று எழுதுவதில்தான் மனுஷனின் பொறுமை தெரிகிறது. மூன்றாவது மாதத்தில் நான் காய்ந்த நாட்களை எழுதாமல் விட ஆரம்பித்தேன். பிறகு நோட்டைப் புரட்டினால், வெற்றிடம் விட்ட நாட்களில் மழை இல்லையா, நான் பார்க்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிய சுழியம் ஒரு சாட்சியம். வெற்றிடம் வெறும் மௌனம், சூத்திரம் அதைப் பக்கத்து ஊர் மழையால் நிரப்பிவிடும். வறட்சிக்குப் பதிவேட்டில் வேறு உருவம் இல்லை, வரிசையாக எழுதப்பட்ட சுழியங்கள்தான். பெரியவரின் நோட்டில் அவை ஒவ்வொன்றும் இருக்கின்றன. கோடையில் பக்கம் பக்கமாக.

5

திரும்பி வரும் கணக்கு எப்படி இருக்கும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. 2003 முதல் சில ஆண்டுகள் ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில், விவசாயிகளே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்தார்கள். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் துணைநின்ற திட்டம். அளந்ததை ஊரில் பலகையில் எழுதிவைத்தார்கள். பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, இருக்கும் நீர் இவ்வளவு, நெல் வைத்தால் இவ்வளவு போகும், கடலை வைத்தால் இவ்வளவு என்று வரவு செலவு போட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. எண்ணைப் பார்த்துப் பலர் தாங்களாகவே பயிரை மாற்றினார்கள். அங்கே அளந்தவனும் வாசித்தவனும் ஒரே ஆள்.

இன்னொன்று பக்கத்து வயநாட்டில். ஹியூம் மையம் என்ற அமைப்பு, மாவட்டம் முழுக்கத் தோட்டங்களிலும் வீடுகளிலும் இருநூறு மழைமானிகள் அளவுக்கு வலைபோல் வைத்து, உள்ளூர்க்காரர்கள் அனுப்பும் அளவுகளைத் தினமும் தொகுத்துவந்தது. 2024 ஜூலை இறுதியில் புத்துமலையில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பதிவானது. மண் தாங்காது என்று, முண்டக்கை, சூரல்மலை சரிவதற்குச் சுமார் பதினாறு மணி நேரம் முன்பே நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். ஜூலை 30 அதிகாலை மலை இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மக்கள் அளந்த எண் சரியாகவே இருந்தது. அந்த எண்ணுக்கு ஊரைக் கிளப்பும் அதிகாரம் இல்லை. பகிர்ந்துகொள்வது என்றால் எண்ணை மேலே அனுப்புவதோடு முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான நிரூபணம் தேவையில்லை.

மேலே பகிர்ந்துகொள்வதற்கு ஒப்பந்தங்கள் உண்டு. உலக வானிலை அமைப்பு 1995இலும், விரிவுபடுத்தி 2021இலும், நாடுகள் ஒன்றுக்கொன்று வானிலைத் தகவலைத் தடையின்றித் தருவது பற்றித் தீர்மானம் போட்டது. ஐரோப்பாவில் வானிலைத் தகவலை விற்பனைச் சரக்காக்கும் போக்கு வலுத்த நேரத்தில் முதல் தீர்மானம் வந்தது, வரவேற்க வேண்டியதே. அது அரசுக்கும் அரசுக்கும் நடுவிலான பகிர்வு. கட்டக் கணக்கை இன்று எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பு அது. கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டு இல்லை. தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை எடுத்தது. 2024இல் தமிழில் எச்சரிக்கை சொல்லும் செயலியும் வந்தது. நல்லதுதான். ஆனால் தானியங்கியில் பார்க்கிறவர் என்ற ஆளே இல்லாமல் போகிறார். புனல் துவாரத்தில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால், கொட்டுகிற மழையிலும் கருவி சுழியம் என்றுதான் அனுப்பும். "பொய்" என்று சொல்ல மலையில் ஒரு நோட்டு இருந்தாக வேண்டும்.

ஆகவே என் முடிவுகள் எளியவை. மழைக் கணக்குக்கு எப்போதும் இரண்டு படி வேண்டும், ஒன்று எழுதியவரிடமே இருக்க வேண்டும். வாங்கிப்போகிறவர் அதைக் கொண்டு என்ன கண்டார் என்பதைத் தமிழில் வந்து சொல்ல வேண்டும், அது இல்லாமல் ஒரு தாளும் தரக்கூடாது. ஊரின் எண் ஊர்ப் பலகையில் முதலில் இருக்க வேண்டும். இழப்பீடோ நிவாரணமோ தீர்மானிக்கப்படும்போது அந்த நோட்டு சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். இதற்குப் போராட இயக்கங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி. மண்ணுக்கும் நீருக்கும் கோஷம் போடுகிற நாம் மில்லிமீட்டருக்கு இதுவரை போட்டதில்லை.

மறுபடி மலைக்குப் போனபோது பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன்: நீங்கள் எழுதியது எந்தக் கணக்கிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்ப அந்த டீக்கடைச் செவுத்துல எழுதிப் போடுவமா?" என்றார். சுண்ணாம்புக் கட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அங்கே எழுதப்படுகிறது. எட்டரைக்கு அல்ல, வேலைக்குப் போகிறவர்கள் டீ குடிக்கும் ஆறு மணிக்கு. அறிவியலுக்கு இது ஒப்பாது என்று சொல்லும் நண்பர்கள், ஆறு மணிக் கணக்கை எட்டரை மணிக் கணக்கோடு எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று எழுத வேண்டும். அந்த விவாதத்துக்காகவே இதை இங்கே முன்வைக்கிறேன்.